சான்ட்ரோ ஜிங்குக்கு எந்த பிளக்: நிக்கலா, இரிடியமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங் 1.1 வண்டிக்கு என்ஜிகே நிறுவனத்தின் பிகேஆர்5இஎஸ்-11 என்ற சாதாரண நிக்கல் ஸ்பார்க் பிளக்தான் சரியான தேர்வு. நான்கும் சேர்த்தே ஏறக்குறைய ஒரு இரிடியம் பிளக்கின் விலைதான் ஆகும். மிச்சமாகும் பணத்தை பிளக் வயருக்கும், சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஒரு நல்ல டார்க் ரெஞ்சுக்கும் போடுங்கள். இரிடியம் மோசமான பொருள் என்பதால் இதைச் சொல்லவில்லை. இந்த வண்டியின் இக்னிஷன் வேலை செய்யும் விதத்தில் இரிடியத்தின் பாதி நன்மை வீணாகிவிடுகிறது, அதுதான் காரணம்.

இருங்காட்டுக்கோட்டை ஆலையில் 1998-லிருந்து உருண்டு வந்த வண்டி இது. 2003-ல் ஜிங் என்று பெயர் மாறி, 2014 கடைசியில் உற்பத்தி நின்றது. இன்றும் தெருவுக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. 1086 சிசி, நான்கு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு. இதே 1.1 இன்ஜின் பழைய ஐ10-லும் இருப்பதால், கீழே சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும். ஐ10-ன் 1.2 கப்பா இன்ஜினுக்குப் பொருந்தாது. அதில் ஒவ்வொரு பிளக் தலையிலும், பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயில் தனியாக உட்கார்ந்திருக்கும், பிளக்கும் வேறு, இறுக்கும் அளவும் வேறு.

சான்ட்ரோவில் ஒரே காயில் பெட்டியிலிருந்து நான்கு வயர் போகிறது. உள்ளே இருப்பது இரண்டு காயில். ஒன்று 1, 4 சிலிண்டர்களுக்கு, மற்றது 2, 3-க்கு. ஒரு ஜோடியில் இரண்டு பிளக்கும் ஒரே நேரத்தில் பொறி விடும். ஒன்று பெட்ரோலை எரிக்கும், மற்றது புகை வெளியேறும் சமயத்தில் சும்மா பொறி விட்டுவிட்டுப் போகும். இந்த ஏற்பாட்டில் மின்சாரம் ஒரு பிளக்கின் நடு முனையிலிருந்து பக்கக் கொக்கிக்குத் தாவினால், ஜோடியிலுள்ள மற்ற பிளக்கில் கொக்கியிலிருந்து நடு முனைக்குத் தாவும். பொறி எங்கிருந்து கிளம்புகிறதோ அந்தப் பக்கம்தான் அதிகம் தேயும். ஆக, நான்கில் இரண்டு பிளக்கில் நடு முனை தேயும், இரண்டில் கொக்கி தேயும்.

என்ஜிகே இரிடியம் ஐஎக்ஸ் வகையில் பிகேஆர்5இஐஎக்ஸ்-11 இந்த இன்ஜினுக்குச் சரியாக உட்காரும். அதன் நடு முனை 0.6 மிமீ ஊசி, எளிதில் தேயாத இரிடியம். ஆனால் கொக்கி வெறும் நிக்கல்தான். இரண்டு சிலிண்டரில் இரிடியம் காசுக்கேற்ப உழைக்கும். மற்ற இரண்டில் நிக்கல் கொக்கி எப்போதும்போலத் தேய்ந்து இடைவெளி அகன்றுவிடும். நான்கும் ஒன்றாக மாற்ற வேண்டிய பொருளில் பலவீனமான இரண்டு வைத்ததுதான் ஆயுள். கொக்கியிலும் பிளாட்டினம் ஒட்டிய இரட்டை உலோக பிளக்குகள் இந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் அந்த விலையைப் பதினைந்து வருட வண்டிக்குக் கொடுப்பது நியாயமாகப் படவில்லை. இரிடியம் போட்டதும் மைலேஜ் கூடும், பிக்கப் எகிறும் என்று கடையில் சொல்வார்கள். தேய்ந்த பிளக்கைக் கழற்றிவிட்டுப் புது நிக்கல் போட்டாலும் அதே முன்னேற்றம் தெரியும். வித்தியாசம் பழசுக்கும் புதுசுக்கும் இடையில்தான்.

இப்போது பிகேஆர்5இஎஸ்-11 என்ற எண்ணைப் பிரித்துப் படிப்போம். இதைத் தெரிந்துகொண்டால் கடையில் யாரும் வேறெதையும் கையில் திணிக்க முடியாது. பிகே என்றால் மரை 14 மிமீ, ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம் 16 மிமீ. ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு, ஏறக்குறைய 5 கிலோ ஓம். அது இல்லாத பிளக் போட்டால் ரேடியோவில் இரைச்சல் வரும், இன்ஜினின் கம்ப்யூட்டர் குழம்பவும் வாய்ப்புண்டு. 5 என்பது வெப்ப எண், பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக இன்ஜினுக்கு இறக்கிவிடும் என்பதைச் சொல்வது. இ என்றால் மரையின் நீளம் 19 மிமீ. கடைசி எஸ் சாதாரண நடு முனையைக் குறிக்கும். 11 என்றால் இடைவெளி 1.1 மிமீ. எஸ் இல்லாமல் பிகேஆர்5இ-11 என்று வந்தால் பயப்பட வேண்டாம், நடு முனையில் வி வடிவக் கீறல் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அறுகோணம் பெரிதான பிபிஆர் வகையைக் கொடுத்தால் வாங்காதீர்கள். மரை ஒன்றாகவே இருந்தாலும் அதற்கு 20.8 மிமீ சாக்கெட் வேண்டும், சான்ட்ரோவில் பிளக் உட்காரும் குழிக்குள் அது போகாது.

வெப்ப எண்ணில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது, அதாவது சூட்டை வேகமாக இறக்கிவிடும். பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் சூடானது. அதனால் ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. என்ஜிகே 5-க்கு இணையானது டென்சோ 16, என்ஜிகே 6-க்கு டென்சோ 20. டென்சோவில் வேண்டுமென்றால் கே16பிஆர்-யு11. ஹூண்டாய் கையேட்டிலேயே இருக்கும் இன்னொரு தேர்வு சாம்பியன் ஆர்சி10ஒய்சி4. கடைசி 4 அதன் இடைவெளியைச் சொல்கிறது, ஏறக்குறைய 1 மிமீ. கையேடு கேட்பது 1.0 முதல் 1.1 மிமீ வரை. மூன்றில் எது கிடைத்தாலும் போடலாம். என்ஜிகேயை முதலில் சொல்வது அது எங்கும் கிடைக்கிறது என்பதற்காக மட்டும்தான். 5 கிடைக்கவில்லை, 6 போட்டுக்கோங்க என்று தருவார்கள். நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டியென்றால் ஒப்பேறும். பால் வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் வண்டியில் குளிர் பிளக் கரி பிடிக்கும். பிளக் முனை 450 டிகிரியைத் தாண்டினால்தான் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும்.

வாங்கும் இடம் முக்கியம், ஏனென்றால் போலி பிளக் தாராளமாகப் புழங்குகிறது. சென்னையில் ஜி.பி. ரோட்டில் போய் வாங்கினாலும் சரி, ஊரில் உள்ள உதிரிபாகக் கடையில் வாங்கினாலும் சரி, காசு கொடுக்குமுன் நான்கு பெட்டியையும் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். அசல் பிளக்கில் வாஷர் மரையோடு கவ்விப் பிடித்திருக்கும், உருட்டினால் சுற்றும், ஆனால் விரலால் இழுத்தால் எளிதில் கழன்று வராது. போலியில் வாஷர் தொளதொளவென்று கையோடு வந்துவிடும். அசலில் மரை வழவழப்பாக, ஒரே சீராக இருக்கும். நகத்தை ஓட்டிப் பார்த்தால் போலியில் சொரசொரப்பு தட்டும். அறுகோணத்தில் தயாரிப்பு எண் பதிந்திருக்க வேண்டும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் உள்ள எழுத்து கசிந்தோ கோணலாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள். எல்லாவற்றையும் விடத் தெளிவான அடையாளம் முனையில் இருக்கிறது: கொக்கி நடு முனைக்கு நேர் மேலே வந்து நிற்க வேண்டும். ஒரு பக்கமாக விலகியிருந்தால் அது அசலாக இருந்தாலும் வேண்டாம், கீழே விழுந்த சரக்காக இருக்கும். என்ஜிகே நிறுவனம் 2023-ல் தன் பெயரை நிட்டெரா என்று மாற்றிக்கொண்டது. பெட்டியில் அந்தப் பெயரைப் பார்த்துப் போலி என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

கருவிகளில் 16 மிமீ ஆழ பிளக் சாக்கெட் கட்டாயம். உள்ளே ரப்பர் வளையமோ காந்தமோ உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் கழற்றிய பிளக் குழிக்குள்ளேயே தங்கிவிடும். சாதாரண 16 மிமீ சாக்கெட்டுக்கு ஆழம் போதாது, பீங்கான் இடித்து உடையும். ராட்செட், 6 அங்குல எக்ஸ்டென்ஷன், இடைவெளி பார்க்க ஒரு கம்பி கேஜ் வேண்டும். தகடு கேஜ் புது பிளக்குக்குப் போதும். தேய்ந்த பிளக்கில் பள்ளம் விழுந்திருக்கும், தகடு அதன் மேலேயே நின்று குறைத்துக் காட்டும். டார்க் ரெஞ்சில் பலர் செய்யும் தவறு, சக்கர நட்டுக்கு வாங்கிய அரை அங்குல ரெஞ்சையே பிளக்குக்கும் எடுப்பது. அவற்றில் பெரும்பாலானவை 40 நியூட்டன் மீட்டரில்தான் தொடங்கும். இங்கே தேவை 25. ஆகவே 3/8 அங்குல ரெஞ்ச், 5 அல்லது 10-ல் தொடங்கி 60 வரை போகிற மாதிரி வாங்குங்கள். டக் என்று சத்தம் வந்ததும் நிறுத்த வேண்டும், இன்னொரு தடவை இழுத்து உறுதி செய்யக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வைத்தால்தான் ஸ்பிரிங் கெடாது.

வேலை ஒரு மணி நேரம். அதற்கு முன் இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது நல்லது. பிளக் மாட்டியிருக்கும் இன்ஜின் மேல்பகுதியான ஹெட் அலுமினியம், பிளக் எஃகு. சூட்டில் அலுமினிய மரை மென்மையாக இருக்கும், பிளக்கோடு உரிந்து வரும். ஏர் ஃபில்டர் குழாய் கைக்கு இடைஞ்சலாக இருந்தால் கழற்றி, திறந்த வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள்.

வயர்களில் 1 முதல் 4 வரை டேப் ஒட்டி எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சிலிண்டராக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. ரப்பர் தொப்பியைப் பிடித்து, முதலில் கால் சுற்று இப்படியும் அப்படியும் திருக வேண்டும். பீங்கானோடு ஒட்டியிருக்கும் பிடி விட்டதை விரலே சொல்லும், பிறகு நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். வயரை இழுத்தால் உள்ளே இருக்கும் கார்பன் இழை அறுந்து, வெளியே பார்க்க நல்ல வயராகவே இருக்கும். பிளக் மாற்றியதும் வண்டி முன்னைவிட மோசமாகிவிட்டது என்ற புகாரில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

பிளக்கைத் தொடுமுன் குழியைச் சுத்தம் செய்யுங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் இல்லாவிட்டால் சைக்கிள் பம்பில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி ஊதினாலே போதும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள், மணல் நேராக முகத்துக்கு வரும். இந்த மணல் சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறும். குழியில் எண்ணெய் நின்றால் அது வால்வு கவர் பக்கத்து ரப்பர் சீல் போனதற்கு அடையாளம். துடைத்துவிட்டுப் புது பிளக் போட்டால் சில மாதத்தில் எண்ணெய் தொப்பி ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். சீலை முதலில் மாற்றுங்கள்.

கழற்றும்போது முதல் கால் சுற்றுதான் கடினம். அதற்கு மேலும் இறுகினால் பலத்தைக் கூட்டாதீர்கள். துரு எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் பொறுத்து, கால் சுற்று கழற்றி எட்டில் ஒரு சுற்று இறுக்கி, மறுபடி கழற்றி, இப்படிப் போகப் போக மரையிலுள்ள கரி உதிர்ந்து பாதை விடும். சாக்கெட் சாயாமல் நேராக நிற்பதைக் கவனியுங்கள்.

கழற்றிய நான்கையும் சிலிண்டர் வரிசையில் ஒரு அட்டையில் நிறுத்துங்கள். இது இலவசமாகக் கிடைக்கும் மருத்துவப் பரிசோதனை, அவசரப்பட்டுக் குப்பையில் போடாதீர்கள். முனை வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் என்றால் இன்ஜின் நலமாக இருக்கிறது. உலர்ந்த கறுப்புக் கரி நான்கிலும் இருந்தால் ஏர் ஃபில்டர் அடைப்போ, பெட்ரோல் அதிகமாகப் போவதோ, குறுகிய ஓட்டமோ காரணம். ஒன்றில் மட்டும் என்றால் அந்தச் சிலிண்டரின் வயரைப் பாருங்கள். ஈரமான, பளபளக்கும் கறுப்பு எண்ணெய் என்றால் வால்வு சீல் அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, புது பிளக் அதைச் சரி செய்யாது. முனை வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அதிகச் சூடு: பிளக் தளர்வாக இருந்திருக்கும், அல்லது தவறான வெப்ப எண், அல்லது கூலண்ட் சிக்கல்.

இரண்டு அடையாளங்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வெள்ளைப் பீங்கான் உலோகத்தோடு சேரும் இடத்தில் பழுப்பு வளையம் ஒன்று படிந்திருக்கும். புகை கசிந்த கறை என்று பிளக்கைத் திட்டுவார்கள். அது உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்ட வைத்த கறை, கெடுதல் இல்லை. மாறாக, பீங்கானின் நீளவாக்கில் பென்சிலால் இழுத்தது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் அதுதான் நோய். மின்சாரம் முனைக்குப் போகாமல் வெளியே வழுக்கி உலோகத்துக்கு ஓடியிருக்கிறது. அதே கோடு ரப்பர் தொப்பியின் உட்புறத்திலும் பதிந்திருக்கும். அந்த வயரை மாற்றாமல் பிளக்கை மட்டும் மாற்றினால் புது பிளக்கிலும் அந்தக் கோடு விழும்.

அட்டையில் நிற்கும் பழைய நான்கையும் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டில் நடு முனையின் விளிம்பு மழுங்கி உருண்டிருக்கும், இரண்டில் கொக்கியின் உட்புறத்தில் பள்ளம் விழுந்திருக்கும். மேலே சொன்ன ஜோடிக் கணக்கு அங்கே கண்ணுக்கு நேராகத் தெரியும். கம்பி கேஜில் 1.3 மிமீ தாராளமாகப் போனால் காலம் கடந்துவிட்டது. இடைவெளி அகல அகலப் பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். அந்தச் சுமை காயிலுக்கும் வயருக்கும் போகும். மேம்பாலம் ஏறும்போது மூன்றாம் கியரில் மிதித்தால் மட்டும் பொறி தவறி வண்டி மிஸ்ஸிங் அடிப்பது இதனால்தான்: சிலிண்டருக்குள் அழுத்தம் கூடினால் பொறி தாவுவது இன்னும் கடினம். நின்ற நிலையில் இன்ஜின் சீராக ஓடுவதை வைத்து பிளக் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. மிஸ்ஸிங்கோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரியும். அதன் விலையில் பல வருடத்துக்கு பிளக் வாங்கலாம்.

உப்புத்தாளில் தேய்த்து மறுபடி போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கம்பி பிரஷ் பீங்கானில் உலோகக் கோடு இழுக்கும், அதன் வழியே மின்சாரம் கசியும். தேய்ந்து உருண்ட விளிம்பும் தேய்த்தால் திரும்பி வராது.

புது பிளக்கின் இடைவெளி பெட்டியிலேயே சரியாக இருக்கும், ஆனாலும் நான்கையும் அளந்து பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் கொக்கியை மட்டும் வளைக்க வேண்டும், நடு முனையை நெம்பினால் பீங்கான் விரிசல் விடும். கை தவறித் தரையில் விழுந்த பிளக்கைப் போடாதீர்கள். விரிசல் வெளியே தெரியாது.

உள்ளே இறக்குவதற்கு ஓர் அடி நீளப் பெட்ரோல் குழாய் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கின் மேல் முனையில் அதைச் செருகி, குழிக்குள் இறக்கி, விரலால் உருட்டுங்கள். மரை கோணலாக ஏறினால் குழாய் வழுக்கிச் சும்மா சுற்றும், மரைக்குச் சேதம் வராது. முதலில் இடப்பக்கம் அரைச் சுற்று திருப்பினால் மரையின் தொடக்கம் க்ளுக் என்று விழுவது தெரியும், அங்கிருந்து வலப்பக்கம் திருப்புங்கள். பத்துச் சுற்றுக்கு மேல் கையாலேயே போக வேண்டும். இரண்டாம் சுற்றிலேயே ராட்செட் தேவைப்பட்டால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். கோணல் மரையில் பலம் கொடுத்து ஹெட் மரை போனால் லேத்துக்கு அனுப்பிப் புது மரைச் சுருள் போட வேண்டி வரும். இந்த வேலையில் வரக்கூடிய பெரிய செலவு அது ஒன்றுதான்.

கையால் உட்கார்ந்த பிறகு 25 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையா? வாஷர் தொட்டதிலிருந்து அரைச் சுற்றுக்கு மேல், முக்கால் சுற்றுக்குக் கீழ். வாஷர் நசுங்கும்போது கைக்கு மெத்தென்று இருக்கும், பிறகு சட்டென்று கெட்டியாகும், அங்கே நிறுத்துங்கள். அதே பிளக்கை மறுபடி போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் பன்னிரண்டில் ஒரு சுற்றுதான். தளர்வாக விட்டால் பிளக்கின் சூடு மரை, வாஷர் வழியாக ஹெட்டுக்கு இறங்காது, முனை பழுக்கும். மிகையாக இறுக்கினால் பிளக் உடல் நீண்டு உள்ளே பீங்கானின் பிடி தளரும். மரைக்கு கிரீஸ் தடவச் சொல்வார்கள். என்ஜிகே மரையில் பூச்சு இருப்பதால் தேவையில்லை. தடவிவிட்டு அதே 25-ல் இறுக்கினால் வழுக்கலில் உண்மையான இறுக்கம் எங்கோ போய்விடும். கிரீஸ் வேண்டிய இடம் ரப்பர் தொப்பியின் உள்விளிம்பு. சிலிக்கான் கிரீஸ், மெல்லிய பூச்சு. அடுத்த தடவை தொப்பி கிழியாமல் வரும், மழை ஈரமும் உள்ளே போகாது.

வயரைச் செருகும்போது க்ளிக் என்று உட்கார வேண்டும். வயர்கள் ஒன்றையொன்று உரசாமல் கிளிப்பில் மாட்டுங்கள். பழைய வயரையே வைத்திருந்தால் இரவில் விளக்கை அணைத்து, இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து பாருங்கள். நீலப் பொறி தெறிக்கிற இடத்தில் வயர் போய்விட்டது. கை வைத்துச் சோதிக்காதீர்கள். நான்கையும் செட்டாக மாற்றுவது நல்லது.

ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் குலுங்கினால் பதறாமல் அணைத்துவிட்டு, வயர் வரிசையைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு வயர் இடம் மாறியிருக்கும், அல்லது ஒரு தொப்பி முழுக்க உட்கார்ந்திருக்காது. பிழைக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டக்கூடிய வண்டியென்றால் பி0301 முதல் பி0304 வரையிலான குறியீட்டில் கடைசி இலக்கம் சிலிண்டர் எண்.

பெட்ரோலில் 30,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றினால் நிக்கல் பிளக் எந்தத் தொல்லையும் தராது. கேஸ் கிட் மாட்டிய சான்ட்ரோவுக்குக் கணக்கு வேறு. கேஸில் பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும், அதனால் இடைவெளியை 0.8 முதல் 0.9 மிமீக்குக் குறைத்துப் போடுங்கள், 15,000-க்கு ஒரு தடவை கழற்றி அளந்து பாருங்கள். காலையில் கேஸுக்கு மாறும் நேரத்தில் மட்டும் வண்டி உதறுகிறது என்றால், கிட் மெக்கானிக்கிடம் போகுமுன் இந்த இடைவெளியைப் பார்த்துவிடுங்கள்.